நுண்ணலை, ஆர்எஃப் வெப்பம்: டெல்டாவில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

அரிசி ஆலைகளுக்கு உலர்த்தி, கொதிகலன் வேலையாகக் கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சுற்றுகிறவன் நான். கொஞ்ச காலமாகப் போகிற இடமெல்லாம் மைக்ரோவேவ் டிரையர் போடலாமா, பிளாஸ்டிக்கை அதில் எண்ணெயாக்கலாமாமே, உமியைக் கரியாக்கலாமாமே என்று அதே கேள்விகள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

மைக்ரோவேவ்னா வீட்டுல சோறு சூடு பண்றதுதானே? அதுக்கும் ஃபேக்டரிக்கும் என்ன சம்பந்தம்?

அதே சங்கதிதான், அளவுதான் பெரிசு. ராடாருக்கு மைக்ரோவேவ் அலையை (நுண்ணலை) உண்டாக்கச் செய்த மேக்னட்ரான் குழாய் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த இனிப்பு உருகியதைப் பார்த்து, 1945-ல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனிப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் இதைச் சமையலுக்குக் கொண்டுவந்தார். ரேடியோ அலையால் சூடாக்குகிற ஆர்எஃப் அதற்கும் முந்தியது. பேக்லைட் மாவை அச்சில் போடுவதற்கு முன் சூடாக்கவும் ஒட்டுப்பலகையின் பசையை இறுக்கவும் அந்தக் காலத்திலேயே பயன்பட்டது. சமையலறைக்கு வந்ததுதான் நமக்குத் தெரியும், பட்டறையில் இருப்பது கண்ணில் படுவதில்லை.

நெருப்பும் இல்ல, கம்பியும் சிவக்கல. எப்படி சூடாகுது?

தண்ணீர் மூலக்கூறில் ஒரு முனை கொஞ்சம் நேர்மின், இன்னொரு முனை கொஞ்சம் எதிர்மின். மின்புலம் திசை மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே திரும்பப் பார்க்கும். வீட்டு ஓவனில் அந்தப் புலம் நொடிக்கு 245 கோடி சுற்று சுற்றுகிறது. மூலக்கூறு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பக்கத்தில் இருப்பதோடு முட்டி மோத, அந்த உரசல்தான் சூடு. உப்புக் கரைந்திருந்தால் அந்த அயனிகள் ஓடுவதாலும் சூடு வரும்.

முக்கியமானது, சூடு வெளியிலிருந்து உள்ளே நடந்து போவதில்லை, பொருளுக்குள்ளேயே பிறக்கிறது. ஆனால் எல்லாப் பொருளிலும் பிறக்காது. தண்ணீர், கரி, பிவிசி, ஈர நைலான் இழுத்துக்கொள்ளும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், தெர்மோகோல் செய்கிற பாலிஸ்டைரீன், டெஃப்லான், காய்ந்த கண்ணாடி இவையெல்லாம் அலையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கீழே பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

ஆர்எஃப் வேற, மைக்ரோவேவ் வேறயா? விக்கிறவன் ரெண்டையும் ஒண்ணாவே சொல்றான்.

தத்துவம் ஒன்று, அலை வேறு. தொழிலுக்கு ஒதுக்கிய ஆர்எஃப் அலைவரிசைகள் 13.56, 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் என்றால் பெரும்பாலும் 2450 மெகாஹெர்ட்ஸ், சில நாடுகளில் 915. 27.12-ல் ஓர் அலையின் நீளம் 11 மீட்டர், 2450-ல் 12 சென்டிமீட்டர்தான். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் இயந்திரமே வேறு மாதிரி இருக்கும். ஆர்எஃப்பில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருளை வைப்பார்கள் அல்லது பெல்ட்டில் ஓடவிடுவார்கள். மைக்ரோவேவில் மூடிய உலோகப் பெட்டிக்குள் அலையைப் பாய்ச்சுவார்கள்.

நடைமுறையில், கனமான, ஒரே சீரான வடிவமுள்ள பொருளுக்கு ஆர்எஃப் நல்லது, ஆழமாகவும் சமமாகவும் போகும். தண்ணீர் நிறைந்த பொருளில் 2450 மெகாஹெர்ட்ஸ் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வீரியத்தோடு இறங்காது. ஒரு முழம் கனத்துக்கு ஈர வைக்கோலைக் குவித்து மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் இருப்பதற்கு ஒன்றும் தெரியாது. சிறிய துண்டு, ஒழுங்கில்லாத வடிவம், சீக்கிரம் சூடேற வேண்டும் என்றால் மைக்ரோவேவ்.

2450-ங்கறது தண்ணியோட சொந்த அதிர்வெண், அதான் தண்ணி மட்டும் சூடாகுதுன்னு காலேஜ்ல சொன்னாங்களே?

இல்லை. சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் மிக அதிகமாக இழுத்துக்கொள்வது 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டி, அதாவது இதைப்போல ஏழெட்டு மடங்கு மேலே. அங்கே வைத்தால் மேல்தோலோடு அலை தீர்ந்துவிடும், உள்ளே இறங்காது. 2450 என்பது தொலைத்தொடர்புக்குத் தொந்தரவு இல்லாமல் ஒதுக்கிய இடம், இழுவையும் ஆழமும் ஓரளவு ஒத்துவருகிற இடம். அவ்வளவுதான்.

ஐப்பசி மழைல குறுவை நெல்லு நனைஞ்சு கெடக்கு. இந்த மெஷின்ல போட்டு 17-க்குக் கொண்டாந்துரலாமாண்ணே?

அதிகம் கேட்கிற கேள்வி இதுதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் கேட்கிறார்கள். மழை மோசமான சில ஆண்டுகளில் 19, 20 என்று தளர்த்தியதும் உண்டு. உங்கள் நெல் 22-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னில் 780 கிலோ உலர்ந்த பொருள், 220 கிலோ தண்ணீர். 17-க்கு வரவேண்டும் என்றால் மொத்த எடை 940 கிலோவாக இறங்க வேண்டும், அதாவது 60 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்க எந்த இயந்திரமானாலும் சுமார் 0.7 யூனிட் வெப்பம் கொடுத்தே ஆகவேண்டும், இதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. 60 கிலோவுக்கு 42 யூனிட். கம்பத்திலிருந்து வருகிற கரண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நெல்லுக்குப் போய்ச் சேரும், மீதி மேக்னட்ரானையும் மின்மாற்றியையும் சூடாக்கப் போகும். ஆக 75 யூனிட் வரை ஆகும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் டன்னுக்கு 600 ரூபாய், இயந்திரத்தின் விலை இதில் இல்லை.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அதே ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி வருகிறது. ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் உண்டு. மூன்றில் இரண்டு பங்கை வீணடிக்கிற ஓட்டை அடுப்பாக இருந்தாலும் அந்த 60 கிலோ தண்ணீரை விரட்ட 30, 35 கிலோ உமி போதும். உமி கொட்டிக்கிடக்கிற ஊரில் கரண்டை வைத்து நெல் காயவைப்பது எந்தக் கணக்கிலும் வராது.

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். மைக்ரோவேவில் மணிக்குள்ளே இருக்கிற தண்ணீர் சடாரென்று சூடாகும், ஆவி வெளியேற நேரம் இல்லாமல் மணியில் கீறல் விழும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அரிசியின் குறுக்கே மயிரிழை மாதிரி கோடு தெரியும். அது ஆலைக்குப் போனால் நொய். சூடான காற்று உலர்த்தியில் கொஞ்சம் காயவைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி காயவைப்பது இதற்காகத்தான்.

சோலார் போட்டுட்டா கரண்டு செலவு இல்லையே?

வெயில் அடிக்கிற நாளில் நெல்லைக் களத்திலேயே காயவைத்துவிடலாமே. உங்களுக்கு உலர்த்தி தேவைப்படுகிற அந்த மூன்று வாரமும் வானம் மூடிக்கிடக்கும். பகல் கரண்டை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்பது சரிதான், ஆனால் அப்போதும் உமிக் கணக்கு மாறாது.

விதை நெல்லுக்காவது?

வேண்டவே வேண்டாம். விதை நெல் 43, 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, முளைப்புத் திறன் அடிவாங்கும். கீழே சொல்லப்போகிற சூட்டுப் புள்ளிகள் இருக்கிற பெட்டிக்குள் எந்த மணி எத்தனை டிகிரி பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்ப எதுக்குத்தான் ஆகும் இந்த மெஷினு?

வெளியிலிருந்து போகிற சூடு போய்ச் சேராத இடத்துக்கும், கடைசி இரண்டு மூன்று சதவீத ஈரத்துக்கும். பிஸ்கட் ஆலைகளில் அடுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு நடுவில் மாட்டிக்கொண்ட ஈரத்தை ஆர்எஃப் போட்டு எடுக்கிறார்கள், இல்லையென்றால் பாக்கெட்டுக்குள்ளேயே பிஸ்கட் விரிசல் விடும். நூல் சாயப் பட்டறைகளில் இறுகச் சுற்றிய நூல் உருளையை ஆர்எஃப்பில்தான் காயவைக்கிறார்கள். சூடான காற்று நூலுக்குள்ளே நுழைய மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் மேல்சுற்று மஞ்சளாகிவிடும்.

ஏற்றுமதி மரப்பெட்டி, பேலட் செய்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பூச்சி போகாமல் தடுக்கிற சர்வதேச விதியில் சாதாரண வெப்பமுறை என்றால் மரத்தின் மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும். மைக்ரோவேவ் அல்லது ஆர்எஃப் என்றால் மரம் முழுதும் 60 டிகிரியில் ஒரே ஒரு நிமிடம் போதும். கார் கதவு ஓரத்தில் இருக்கிற ரப்பர் பட்டையை வேகவைப்பதும் மைக்ரோவேவ் சுரங்கத்தில்தான். அந்த ரப்பர் தானாகச் சூடாகாது, அதில் கலந்திருக்கிற கரித்தூள்தான் அலையை இழுக்கிறது.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லுங்க.

தவிடு. அரிசியைத் தீட்டிய நிமிடத்திலிருந்து தவிட்டில் இருக்கிற லைபேஸ் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும், அமிலத்தன்மை மணிக்கு மணி ஏறும். மில்லில் இரண்டு மூன்று நாள் கிடந்த பச்சரிசித் தவிட்டை முகர்ந்து பார்த்தாலே காரல் தெரியும். சமையல் எண்ணெய்க்குப் போக வேண்டியது சோப்புக்குப் போய், விலை பாதியில் நிற்கும். அந்த நொதியைக் கொல்ல 100 டிகிரிக்கு மேலே சில நிமிடம் போதும். தவிட்டில் ஈரம் இருக்கிறது, மெல்லிய தூளாக இருக்கிறது, சட்டியில் வறுத்தால் அடிப்பிடிக்கும் ஆனால் மைக்ரோவேவில் மொத்தமும் ஒன்றாக ஏறும். சத்துமாவு, பிஸ்கட் என்று சாப்பிடுகிற பொருளாகத் தவிட்டை விற்க நினைக்கிறவருக்கு இது கணக்கில் வரக்கூடும். எண்ணெய் ஆலைக்கு லாரி லாரியாக அனுப்புகிறவருக்கு நீராவி முறையோ, திருகு இயந்திரத்தில் அழுத்திச் சூடாக்குகிற முறையோதான் மலிவு. புழுங்கலரிசித் தவிட்டில் நொதி வேகவைக்கும்போதே செத்துவிடுவதால் இந்தக் கவலையே பாதி கிடையாது.

பால் கவர் மூட்டை மூட்டையா கெடக்கு. மைக்ரோவேவ்ல உருக்கி கட்டியா ஆக்கலாமா?

பால் கவர் பாலித்தீன். இரண்டாவது பதிலைப் பாருங்கள், அது அலையைக் கண்டுகொள்ளாது. கழுவாத கவரில் ஒட்டியிருக்கிற பால் சூடாகும், கவர் அப்படியே இருக்கும். பாலித்தீனை உருக்க சூடான திருகுக் குழாய் இயந்திரமே போதும், அது நம் பக்கத்துப் பட்டறைகளிலேயே இருக்கிறது.

அப்புறம் எப்படி மைக்ரோவேவ்ல பிளாஸ்டிக்லேர்ந்து எண்ணெய் எடுக்கறாங்க? வீடியோ பாத்தேன் சார்.

கரியையோ சிலிக்கன் கார்பைடையோ கூடவே போடுகிறார்கள். அவை அலையை இழுத்துச் சூடாகி, அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உடைகிறது. காற்றே இல்லாத கலத்தில், சில நூறு டிகிரியில் நடக்கிற வேலை இது. பாலித்தீன் மெழுகாகவும் எண்ணெயாகவும் பிரியும், பாலிஸ்டைரீன் பெருமளவு தன் மூலப்பொருளான ஸ்டைரீனாகவே திரும்பும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பாக்கெட்டை இப்படி உடைத்து அலுமினியத்தைத் தகடாகவே மீட்டிருக்கிறார்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. பெட் பாட்டிலுக்கு வழி வேறு: கிளைகால் என்கிற ரசாயனம் மாதிரி அலையை நன்றாக இழுக்கிற திரவத்தில் போட்டுச் சூடாக்கி மூலப்பொருளாகப் பிரிக்கலாம். எனக்குப் பிடித்த வேலை இது, ஏனென்றால் இங்கே மைக்ரோவேவ் வெறும் அடுப்பாக நிற்காமல் உருப்படியாக ஏதோ செய்கிறது.

எங்க ஊராட்சில சேர்ற குப்பை பிளாஸ்டிக்குக்கு இத போடலாம்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்கார்.

குப்பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஊர்க் குப்பையில் பிவிசி குழாய்த் துண்டு, ஒயர் உறை, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாமல் இருக்காது. பிவிசி சூடானால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். அது ஆளையும் அரிக்கும் இயந்திரத்தையும் அரிக்கும். பிரித்துக் கழுவிக் காயவைக்காமல் இந்த வேலைக்கு இறங்கவே முடியாது, பிரித்துக் கழுவிக் காயவைத்துவிட்டால் மறுசுழற்சிக்காரரே பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, வெளியேறும் வாயுவை என்ன செய்வது, எண்ணெயை யார் வாங்குவது என்று மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படுதா ஒட்டுற மெஷின் ஆர்எஃப்தானே? நெல்லு மூடுற படுதாவ அதுல ஒட்டலாமா?

லாரிப் படுதா, மீன் வளர்க்கிற பயோஃப்ளாக் தொட்டி இவை பிவிசி பூசிய துணி. அவற்றை 27.12 மெகாஹெர்ட்ஸில் தகடு அழுத்தி ஒட்டினால் தையலே இல்லாமல் ஒரே துண்டாகிவிடும். ஆனால் நெல் மூட்டைமேல் போடுகிற நீல, மஞ்சள் படுதாவும் சில்பாலினும் பாலித்தீன் வகை. வேதாரண்யம் பக்கம் இறால் குட்டையில் விரிக்கிற கறுப்பு விரிப்பும் அதே குடும்பம். அவற்றுக்கு ஆர்எஃப் ஒட்டாது, சூடான ஆப்பு அல்லது சூடான காற்றுதான். பொருள் எது என்று தெரியாமல் இயந்திரம் வாங்கினால் பணம் போச்சு.

இந்த ஒட்டு வேலையைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ரத்த வங்கிக்குப் போங்கள். ரத்தம் எடுத்து முடித்ததும் பையின் குழாயை ஒரு சின்னக் கருவியின் வாயில் வைத்து அழுத்துவார்கள். ஓரிரு நொடி, ஒரு விளக்கு எரியும், குழாய் நடுவில் நசுங்கித் தட்டையாகி ஒட்டியிருக்கும், அந்த இடத்தில் பிய்த்தால் இரண்டு பக்கமும் சொட்டுக் கசியாது. பை பிவிசி, கருவி ஆர்எஃப். நெருப்பு வைத்து அந்தக் குழாயை ஒட்டிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

உமி, தென்னை நார்க்கழிவு, இதுகள மைக்ரோவேவ்ல கரியாக்கினா நல்ல வெலைங்கறாங்க.

நடக்கும், ஆனால் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் ஈரம் அலையை இழுத்து ஆவியாகும். ஈரம் போனபின் காய்ந்த நார் அலையை அவ்வளவாக இழுக்காது, உமியில் இருக்கிற சிலிக்காவும் சும்மா கிடக்கும். அதனால் சூடு ஏறாமல் நிற்கும். எங்கேயாவது ஒரு புள்ளி கருகிவிட்டால் அங்கேதான் ஆட்டம்: கரி அலையை வெறியோடு இழுக்கும், அந்த இடமே மேலும் மேலும் சூடாகும், பணம் பணத்தோடு சேருகிற மாதிரி. பக்கத்தில் பச்சையாக இருக்கும்போதே நடுவில் கனன்று சிவந்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் முன்பே செய்த கரியைக் கொஞ்சம் கலந்து, கிளறிக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

வயலில் போடுகிற கரிக்கு இது தேவையில்லை. கரியாகும்போது வெளிவருகிற வாயுவை எரித்தாலே அடுத்த பாகத்தைக் கரியாக்கப் போதுமான சூடு கிடைக்கிறது. ஒழுங்கான டிரம் சூளையோ தகர உலையோ அதைத்தான் செய்கிறது. தண்ணீர் வடிகட்டுகிற உயர்ரகக் கரி, சீரான துளை என்று வாங்குபவர் கையில் இருந்தால் பேசலாம். நார்க்கழிவைக் காயவைக்க மட்டும் கேட்கிற பேராவூரணிக்காரர்களுக்கு நெல்லுக்குச் சொன்ன கணக்கேதான், அதில் தண்ணீர் இன்னும் அதிகம் என்பதால் பில் இன்னும் அதிகம்.

ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் பச்சையாவே இருக்கு, ஏன்?

பெட்டிச் சுவரில் பட்டுத் திரும்புகிற அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில இடத்தில் வலுக்கும், சில இடத்தில் அடங்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஓவனில் சுழலும் தட்டை எடுத்துவிட்டு, சுழற்றுகிற அந்த முனையில் படாமல் அதை மூடுகிற மாதிரி ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி அரை நிமிடம் போடுங்கள். ஒரே அப்பளத்தில் ஓர் ஓரம் பொரிந்து வெளுத்திருக்கும், இரண்டு விரல் தள்ளி மாவு மாறாமல் கிடக்கும். பொரிந்த இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரும், அது அலை நீளத்தில் பாதி. தொழிற்சாலையில் பெல்ட்டை ஓட்டுவதும், அலையைக் கலைக்க உலோக விசிறி வைப்பதும், நிறைய மேக்னட்ரானை வெவ்வேறு கோணத்தில் வைப்பதும் இதைச் சரிக்கட்டத்தான்.

கேன்சர் வருமாமே?

இது எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிற கதிர் இல்லை, சூடாக்கும், அவ்வளவுதான். ஆனால் கசிந்தால் உங்களையும் சூடாக்கும். ரத்த ஓட்டம் குறைவான கண்ணின் லென்ஸ்தான் முதலில் கெடும். கதவு திறந்தால் அலையை நிறுத்துகிற பூட்டு சுவிட்சை நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டுகிற ஆபரேட்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள்.

பழைய ஓவன் நாலஞ்ச ஒடச்சு, மேக்னட்ரான எடுத்து நாமளே ஒரு டிரையர் பண்ணிட்டா?

செய்யாதீர்கள். உள்ளே இருக்கிற மின்மாற்றி 2,000 வோல்ட்டுக்கு மேல் தருகிறது, மேக்னட்ரானுக்குப் போவது 4,000 வோல்ட் அளவில். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் சார்ஜ் நிற்கும். இந்த மின்மாற்றியைக் கழற்றி மரத்தில் மின்னல் கோலம் போடப் போய் வெளிநாட்டில் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். வீட்டு கரண்ட் ஷாக் அடித்துப் பிழைத்த தைரியத்தை இங்கே காட்டக்கூடாது.

915 மெஷின் வெளிநாட்டுலேர்ந்து எறக்கலாம்னு இருக்கேன். ஆழமா போகும்ல?

ஆழமாகப் போகும், பெரிய மேக்னட்ரானில் கரண்ட் சேதாரமும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சர்வதேச ஒதுக்கீட்டில் 915 மெகாஹெர்ட்ஸ் தொழில் உபயோகத்துக்கு என்று இருப்பது இரண்டு அமெரிக்கக் கண்டங்களும் அடங்கிய பகுதிக்கு. நாம் இருப்பது ஆசியப் பகுதி, இங்கே அந்த அலைவரிசைக்குப் பக்கத்திலேயே செல்போன் ஓடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் டெல்லியில் இருக்கிற மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். 2450-லும் 27.12-லும் இந்தத் தலைவலி கிடையாது.

கடைசியா, விக்கிறவர்ட்ட என்ன கேக்கணும்?

கிலோவாட் என்று சொன்னால் அது கரண்ட் இழுக்கிற அளவா, பொருளுக்குப் போய்ச் சேர்கிற அளவா என்று கேளுங்கள். பொருளுக்குப் போய்ச் சேர்கிற ஒரு கிலோவாட் மணிக்கு ஒன்றரை கிலோ தண்ணீருக்கு மேல் விரட்டவே முடியாது, மேலே நெல்லுக்குப் போட்ட அதே கணக்கு. 10 கிலோவாட் இயந்திரம் மணிக்கு 40 கிலோ தண்ணீர் எடுக்கும் என்று தாளில் இருந்தால் மீதிச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சூடான காற்றும் சேர்த்து ஓடுகிறது என்றால் சரி, அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மேக்னட்ரான் சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டிய சாமான், அதன் விலையையும் எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

உங்கள் பொருளையே போட்டு ஓட்டிக் காட்டாத இயந்திரத்தை வாங்காதீர்கள். உணவுப் பொருள் என்றால் தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் என்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 2021-ல் இந்தப் பெயருக்கு மாறிய அதே நிறுவனம்தான், அங்கே தொழில் தொடங்குகிறவர்களுக்கான வளர் மையமும் உண்டு. வாழை சம்பந்தப்பட்டது என்றால் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். போகும்போது மாதிரியைக் காற்றுப் புகாத பையில் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் பஸ்ஸிலேயே பாதி ஈரம் போய்விடும், அளந்து சொல்கிற எண்ணுக்கும் உங்கள் களத்தில் இருக்கிற பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது.